டாக்டர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்திய அம்மா: கேஸ் நிற்குமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 61 வயது, 12 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். டிவியிலும் யூடியூபிலும் அடிக்கடி வரும் எம்.டி. படித்த டாக்டர் ஒருவர், ஒரு மூலிகை கேப்சூல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "90 நாளில் சர்க்கரை வேரோடு போய்விடும், மாத்திரையே வேண்டாம்" என்றார். அம்மா கேட்டதால் ஆன்லைனில் 11,400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழாவது வாரம் சர்க்கரை 480-க்கு ஏறி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கம்பெனியில் கேட்டால், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். "பெரிய டாக்டர், அவர் மேல் கேஸ் நிற்காது" என்கிறார் மாமா.

பதில்: முதலில் அம்மாவின் உடம்பு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அந்த டப்பாவையும் காட்டி, மாத்திரையை அவர் சொல்கிறபடி தொடரச் செய்யுங்கள்.

மாமா சொல்வதற்கு நேர் எதிராகத்தான் சட்டம் இருக்கிறது. அவர் டாக்டர் என்பதே இந்த வழக்கில் உங்களுக்குப் பெரிய பலம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 21, பொய் விளம்பரத்துக்குத் துணைபோகும் பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், ஓராண்டு வரை எந்த விளம்பரத்திலும் தோன்றத் தடை போடவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மறுபடியும் செய்தால் 50 லட்சம், மூன்றாண்டு. தப்பிக்க ஒரு வழியும் அதே பிரிவில் உண்டு: சொன்ன விஷயம் உண்மைதானா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்ததாக அவர் காட்ட வேண்டும். ஒரு நடிகர், "கம்பெனி கொடுத்த காகிதத்தை நம்பினேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். எம்.டி. படித்தவர் அதைச் சொல்ல முடியுமா? நீரிழிவுக்காரர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததா?

இன்னொன்று அவரது தொழில் விதி. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின் 6-வது அத்தியாயம், காசு வாங்கியோ வாங்காமலோ, எந்த மருந்துக்கும் வணிகப் பொருளுக்கும் விளம்பரத்தில் தன் பெயரையும் படத்தையும் கொடுத்து ஒரு மருத்துவர் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. அந்த வீடியோவை இணைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். அவர் வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால் அந்த மாநிலக் கவுன்சிலுக்கு.

கம்பெனியின் பதில் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. வாயால் "குணமாகும்" என்று சொல்லி விற்றுவிட்டு, பொடி எழுத்தில் "மருந்து அல்ல" என்று ஒளிந்துகொள்வது. அந்தப் பொடி எழுத்து அவர்களுக்கு எதிரான ஆவணம். மருந்து என்று ஒப்புக்கொண்டால், 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் வந்துவிடும். எந்தெந்த நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்ற அதன் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. உணவு என்றால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 53, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் சொல்கிறது. பதஞ்சலி விளம்பரங்கள் குறித்து இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கும் சம பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லியிருக்கிறது.

இந்த அபராதம் எதுவும் உங்கள் கைக்கு வராது. இழப்பீட்டுக்கு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் மனு போட வேண்டும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடக் கெடுவை மட்டும் தவற விடாதீர்கள். கேப்சூல் பணம் திரும்பக் கிடைப்பது கடினமல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் போராட வேண்டியிருக்கும்; அம்மா தானாகவே நிறுத்தினார் என்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மாத்திரையை நிறுத்தியதால்" என்ற குறிப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் சிகிச்சை அளித்த டாக்டரிடம் சான்று கேளுங்கள்.

அதைவிட அவசரம் அந்த வீடியோ. நோட்டீஸ் போன மறுநாளே காணாமல் போகும். முகவரி, தேதியோடு பதிவிறக்கி, எந்தக் கருவியில் சேமித்தீர்களோ அதை அழிக்காமல் வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை உங்கள் வக்கீல் தயாரித்துத் தருவார். பிரிக்காத டப்பா ஒன்று மிச்சம் இருந்தால் திறக்க வேண்டாம். அதை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தையே நீங்கள் கேட்கலாம். பணத்தைத் திருப்பித் தருகிறோம், "புகார் இல்லை" என்று எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனி கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். கோபத்தில் முகநூலில் அந்த டாக்டரைத் திட்டியும் எழுதாதீர்கள். அவதூறு வழக்கைப் போட்டு உங்களையே அலைய விடுவார்கள்.

பணம் கட்டியவர் நீங்கள், பயன்படுத்தியவர் அம்மா. இருவருமே சட்டப்படி நுகர்வோர்தான், இருவர் பெயரிலும் மனு இருக்கட்டும். ஏமாந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் அம்மா மறுக்கலாம். அவரை வற்புறுத்தாமல், வீடியோவில் என்ன கேட்டார், எந்த நாளில் மாத்திரையை நிறுத்தினார் என்பதை மட்டும் அவர் பேச்சிலேயே சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிரமாணப் பத்திரத்துக்கு அது போதும்.