ஃபேனைப் பார்க்கிறான், கிலுகிலுப்பையைத் தவறவிடுகிறான்!

கேள்வி: என் மகனுக்கு ஏழு வாரம். நிறைமாதத்தில் பிறந்தவன். தொட்டிலில் போட்டால் ஃபேனையே வெறித்துப் பார்க்கிறான். ஆனால் கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டி நகர்த்தினால் கண் விட்டு விட்டுத்தான் பின்னால் வருகிறது, பாதியிலேயே தவறவிடுகிறான். சில நேரம் ஒரு கண் மூக்குப் பக்கம் சாய்கிறது. "இன்னும் கண்ணு நிலைக்கலையே" என்கிறார் மாமியார். பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. ஏழு வாரத்தில் கண் இப்படித்தான் நகரும். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் நான் கேட்க வேண்டும்: தூக்கி வைத்துக்கொண்டால் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பார்க்கிறான் என்றால் நிம்மதியாக இருங்கள்.

நகரும் பொருளை வழுக்கிக்கொண்டே தொடர, அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மூளை முன்கூட்டியே கணிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு அது வராது. கண் தாவும், போய்ச் சேர்வதற்குள் பொருள் நகர்ந்திருக்கும், மறுபடி தாவும். நீங்கள் பார்ப்பது இந்தத் தாவலைத்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இடையிடையே சீரான ஓட்டம் தலைகாட்டும். நாலைந்து மாதத்தில் ஏறக்குறைய நம்மைப் போலவே தொடர்வான். திரையில் நகரும் புள்ளிகள் மேலே போகின்றனவா கீழே போகின்றனவா என்று திசையைப் பிரித்தறியும் திறனும் ஏழாவது வாரத்தையொட்டித்தான் தொடங்குகிறது என்று இங்கிலாந்தில் பிராடிக், அட்கின்சன், வாட்டம்-பெல் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

அதற்காக, அதுவரை அசைவே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 2008-ல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிறந்து இரண்டே நாளான சிசுக்களுக்கு வெறும் ஒளிப்புள்ளிகளைக் காட்டினார்கள். ஒரு பக்கம் நடக்கும் கோழியின் அசைவில் நகரும் புள்ளிகள், மறுபக்கம் தாறுமாறாக நகரும் புள்ளிகள். கோழியையே கண்டிராத அந்தச் சிசுக்கள், கோழி நடையைத்தான் அதிக நேரம் பார்த்தன! உயிருள்ளதன் அசைவின் மேல் ஓர் ஈர்ப்போடுதான் பிறக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஃபேன் விஷயம் எளிது. வெள்ளைக் கூரையில் கருத்த இறக்கை பளிச்சென்று தெரியும். பெரியது, மெதுவாகச் சுற்றினால் இன்னும் நல்லது. கிலுகிலுப்பை சின்னது, நீங்கள் வேகமாக ஆட்டியிருக்கவும் கூடும். தவிர, அது சத்தம் போடும். சத்தத்துக்குத் திரும்பினானா, பார்த்துத் திரும்பினானா என்று உங்களுக்கே தெரியாது.

பால் குடித்து, அழாமல் விழித்திருக்கும்போது மடியில் மல்லாக்கக் கிடத்துங்கள். உங்கள் முகத்தை ஒரு முழத்துக்கும் குறைவாக, 20 - 30 செ.மீ. தூரத்தில் வைத்து, பேசாமல், மெதுவாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். தவறவிட்டால் நின்று, அவன் கண் வந்து பிடிக்கும்வரை காத்திருங்கள். பொம்மை, செல்போன் எதுவும் தேவையில்லை. ஒரு கண்ணை மூடிச் சோதிப்பது மட்டும் வேண்டாம்: இந்த வயதில் ஒற்றைக் கண், காதுப் பக்கத்திலிருந்து மூக்கை நோக்கி வரும் அசைவைத்தான் நன்றாகத் தொடரும், எதிர்த்திசையில் தடுமாறும். இயல்பான அதைப் பார்த்து வீணாகப் பதறுவீர்கள்.

கண் அவ்வப்போது சாய்வதும் முதல் இரண்டு மூன்று மாதம் சகஜம். நாலு மாதத்துக்குப் பிறகும் சாய்ந்தாலோ, ஒரே கண் எப்போதும் சாய்ந்தே இருந்தாலோ, மூன்று மாதமாகியும் எதையும் தொடராவிட்டாலோ, கண் ஓயாமல் ஆடினாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அன்றைக்கே கிளம்புங்கள். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம். இரண்டு கண்ணையும் அடர்த்தியாக மறைக்கும் பிறவிப் புரையை முதல் இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுவதே நல்லது. தாமதமானால், பிறகு புரையை எடுத்தாலும் பார்வை முழுமையாகத் தேறுவது கடினம்.