ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடையா?

கொட்டிவிடாதீர்கள் நண்பரே! ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த பத்து வருட ஒயினைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாடைக்குக் காரணம் டிடிஎன் என்ற சேர்மம். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள் சிதைந்து, பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உருவாவது. வெயில் அதிகம் பட்ட பழம் என்றால் இன்னும் தூக்கலாக இருக்கும். மற்ற வெள்ளைத் திராட்சைகளில் இந்த அளவுக்கு மூக்கில் ஏறாது. முதல் தடவை நானும் முகத்தைச் சுளித்தேன். அப்புறம் அதையே தேடிப் போகிற ஆளாகிவிட்டேன்.

கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, பத்து நிமிடம் விட்டு முகர்ந்து பாருங்கள். பின்னாலேயே எலுமிச்சை, தேன் மணம் வந்தால் சரி, தாராளமாகக் குடிக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது வேறு கதை: தக்கையால் கெட்ட பாட்டில்.

தக்கையின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஒட்டியிருப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. பயமில்லை. அடுத்த முறை இந்த வாடையே வேண்டாம் என்றால், ஓரிரு வருடத்துக்குள்ளான இளசாக வாங்குங்கள். இனிப்பும் வேண்டாமா? ஜெர்மன் பாட்டிலில் ‘ட்ரோக்கன்’ (Trocken) என்று இருக்கிறதா பாருங்கள். லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது.