இருநூறு படிவங்களா, பத்து வீடுகளா?

கேள்வி: முதுகலை இதழியல் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் மாலை நேரத் தொலைக்காட்சித் தொடர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. இருநூறு பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்து நிரப்பி வாங்கச் சொல்கிறார் நெறியாளர். எனக்கோ பத்து வீடுகளில் உட்கார்ந்து கவனித்தால் போதும் என்று தோன்றுகிறது. எது சரி?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: எத்தனை பேர், எந்தத் தொடர், எத்தனை மணி நேரம் என்பது கேள்வியானால் நெறியாளர் சொல்வதுதான் முறை. உங்கள் தலைப்பிலோ 'எப்படி' என்ற சொல் இருக்கிறது. அதற்கு விடை வீடுகளில்தான் கிடைக்கும்.

பிரிட்டனின் ஊடக ஆய்வாளர் டேவிட் மோர்லிக்கும் இந்தச் சிக்கல் வந்தது. பிபிசியின் 'நேஷன்வைடு' என்ற மாலை நேர நடப்புச் செய்தி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்களைப் பேசவைத்து, 1980-இல் அந்த ஆய்வை வெளியிட்டார். வங்கி மேலாளர்களும் தொழிற்சங்கத்தினரும் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறாக எடுத்துக்கொண்டது அதில் தெரியவந்தது. ஆனால், ஓரிடத்தில் கூட்டிவைத்துக் காட்டுவதும் ஒருவர் தம் வீட்டில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை அவரே உணர்ந்து, அடுத்த ஆய்வுக்குத் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே சந்தித்துப் பேசினார். 1986-இல் நூலாக வந்த அந்த ஆய்வில்தான், ரிமோட் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்ததும் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே பார்த்ததும் பதிவாயின.

நம் ஊரிலும் படிவத்தை நீட்டினால், 'செய்தி மட்டும்தான் பார்ப்பேன்' என்று எழுதிக் கொடுக்கும் பெண்மணி, ஏழரை மணிக்குக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அடுக்களையிலிருந்து தொடரின் வசனத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கக் கூடும். அவர் பார்க்கிறாரா, கேட்கிறாரா? உங்கள் ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நாள் விருந்தாளிக்காகத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் காபி கொடுப்பார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முப்பது வீட்டுக்கு ஒருமுறை போவதைவிடப் பத்து வீட்டுக்கு மும்முறை போவது மேல். எதற்காக வருகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லி ஒப்புதல் பெறுங்கள்; மருமகளிடம் மாமியாரை வைத்துக்கொண்டு பேட்டி எடுக்காதீர்கள்; களக்குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் நினைவு தானாகவே கதையைச் சீராக்கிவிடும். ஆய்வேட்டில் பெயர்களை மாற்றிவிடுங்கள்.

நெறியாளரின் வினாப்பட்டியலையும் தள்ளிவிட வேண்டாம். நாற்பது பேரிடம் ஒரு பக்கப் படிவம் கொடுத்தால், கூட்டுக் குடும்பம், வேலைக்குப் போகிறவர், தனியாக வசிப்பவர் எனப் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுக்க அது உதவும். பத்து வீட்டை வைத்து 'எங்கள் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அந்த வரியிலிருந்துதான் வரும்.