டயர் கேள்வி – பதில்: சென்னையில் ‘சம்மர்’ டயர்

என் காரில் முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18. கம்பெனி போட்டுத் தந்த டயர்கள் தேய்ந்துவிட்டன. ‘சம்மர் பெர்ஃபார்மன்ஸ்’ டயர் போடச் சொல்கிறார்கள். அது வெயில் காலத்துக்கு மட்டும்தானா? மழை தொடங்கினால் கழற்ற வேண்டுமா?
– வேளச்சேரி வாசகர்

கழற்ற வேண்டாம். ‘சம்மர்’ என்பது ஐரோப்பாவின் பனிக்காலத்தை மனத்தில் வைத்துச் சூட்டிய பெயர். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வகை ரப்பர் விறைத்து, சாலையைப் பிடிக்காது. அதனால் அங்கே குளிருக்குத் தனி டயர் மாட்டுகிறார்கள். நம் ஊரில் மார்கழிக்குக் குல்லா போடுகிறவர்கள் உண்டு; டயர் விறைக்கும் குளிர் கிடையாது. 2003 மே மாதம் 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. இங்கே சம்மர் டயர் என்றால் வருடம் முழுக்க ஓடும் டயர். ‘ஆல் சீசன்’ என்று விற்பதைத் தேடி அலையவும் வேண்டாம். பனியில் பிடிப்பதற்காக அது விட்டுக்கொடுப்பது, காய்ந்த சாலையில் சூட்டோடு பிரேக் பிடிக்கும் திறனை.

நீங்கள் கேட்டதில் மழை என்ற சொல்தான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் ஓ.எம்.ஆரில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது டயரின் வேலை, அந்தத் தண்ணீரைப் பள்ளங்கள் வழியே வெளியே தள்ளுவது. தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீர் மேல் ஏறிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். டயர் அகலமாக இருந்தால், பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேய்ந்திருந்தால், காற்று குறைந்திருந்தால் இது இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும். புது டயரில் பட்டன் ஆழம் 7 முதல் 8 மி.மீ. வரை. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு மட்டத்துக்கு வந்தால் 1.6 மி.மீ.; அது கடைசி எல்லை. உங்கள் பின் டயர் 255 மி.மீ. அகலம் என்பதால், 3 மி.மீ. வந்ததுமே மழைக்கு முன்பாக மாற்றிவிடுவது நல்லது.

இந்த அளவில் இரண்டு குடும்பங்கள் கிடைக்கும். ஒன்று மிஷ்லின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல் ஸ்போர்ட் கான்டாக்ட், பிரிஜ்ஸ்டோன் பொட்டென்சா, குட்இயர் ஈகிள் எஃப்1, பிரெல்லி பி ஸீரோ போன்ற வேக டயர்கள். மற்றது மிஷ்லின் பிரைமசி, பிரிஜ்ஸ்டோன் டுரான்சா போன்ற சொகுசு டயர்கள். முதல் வகையில் ரப்பர் மென்மை, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) விறைப்பு. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கார் திரும்பும், ஈரத்திலும் காய்ந்த சாலையிலும் நிற்கும் தூரம் குறையும். விலை, சத்தம், தேய்மானம் மூன்றும் கூடும். தினமும் கிண்டிக்கும் சிறுசேரிக்கும் நடுவே முதல் இரண்டு கியரில் ஊர்ந்து போகிறவருக்கு இரண்டாவது வகை போதும். வார இறுதியில் ஈ.சி.ஆரோ ஏலகிரி மலையோ போகிறவருக்கு முதல் வகை; அதிலும் மழைப் பிடிப்பில் பெயர் வாங்கிய மாடலாகப் பாருங்கள். சர்க்யூட்டில் அரை நொடி மிச்சமாவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

சைடுவாலில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘95 ஒய்’ போன்ற குறியையும் படியுங்கள். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோதான். எழுத்து வேகத்துக்கு: வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. நம் சாலையில் 300 எதற்கு என்று வேக எழுத்தில் ஒருபடி இறங்க ஆசை வரும். எழுத்தை விட எண்தான் ஆபத்து: கார் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைவிடக் குறைந்ததை, கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள். நாலு பேரும் பெட்டிகளும் ஏறி, சித்திரை வெயிலில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும்போது டயர் வெடிப்பது பெரும்பாலும் சுமையும் குறைந்த காற்றும் சேர்ந்த சூட்டால்தான்.

‘டிரெட்வேர் 300’ போன்ற எண்ணை (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டுவது) வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். அந்தச் சோதனையைக் கம்பெனியே செய்து எண்ணையும் தானே தருகிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவே ஒப்பிட்டால் ஓரளவு பொருள் உண்டு.

18 அங்குலத்திலிருந்து 19 அங்குல அலாய்க்குப் போகலாமா? பார்க்க எடுப்பாக இருக்கிறது.
– அண்ணா நகர் வாசகர்

எடுப்பாகத்தான் இருக்கும், முதல் பள்ளம் வரைக்கும். 225/45 ஆர்18 டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் 101 மி.மீ. (225இல் 45 சதவீதம்). 225/40 ஆர்19 போட்டால் 90 மி.மீ. அந்த 11 மி.மீ.தான் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் உங்கள் ரிம்மைக் காப்பது. பள்ளத்தின் விளிம்பில் டயர் ரிம்மோடு நசுங்கும்போது சைடுவாலுக்குள் இருக்கும் நூல்கள் அறுந்து, அந்த இடத்தில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு கிளம்பும். அதற்கு வைத்தியம் கிடையாது. ‘இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் சார்’ என்று சொல்லும் பஞ்சர் கடையை நம்பாதீர்கள். டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எங்கள் யோசனை எதிர்த்திசை. பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) ரிம்மில் இடிக்காது என்றால், 17 அங்குல ரிம்மில் நாலு சக்கரத்துக்கும் 225/50 போடலாம். சைடுவால் 112 மி.மீ. ஆகும். டயரின் மொத்த உயரம் 660இலிருந்து 657 மி.மீ.க்குத்தான் இறங்கும், ஸ்பீடோமீட்டர் அரை சதவீதத்துக்கு மேல் மாறாது. நாலும் ஒரே அளவு என்பதால் முன் பின் மாற்றிப் போடவும் வழி பிறக்கும். ரிம் வாங்கும்போது போல்ட் வட்டத்தையும் நடு ஓட்டையையும் அளந்து வாங்குங்கள். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸில் எஃப்30 மாடலுக்கு 5×120 (ஐந்து போல்ட், 120 மி.மீ. வட்டம்). அடுத்து வந்த ஜி20க்கு 5×112. ‘அதே கார்தானே’ என்று பழைய ரிம்மை வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

ரன்ஃப்ளாட்டை எடுத்துவிட்டுச் சாதா டயர் போடலாமா? முதுகு வலிக்கிறது.
– தாம்பரம் வாசகர்

ரன்ஃப்ளாட் என்பது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் விறைப்பான டயர். அதை எடுத்துவிட்டுச் சாதா போடலாம், நாலையும் சேர்த்து. இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதா என்று கலந்தால் சைடுவால் விறைப்பு அச்சுக்கு அச்சு மாறி, வளைவில் கார் எப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் காரில் இருப்பது ரன்ஃப்ளாட்தானா என்று முதலில் பாருங்கள். பிரிஜ்ஸ்டோனில் ஆர்.எஃப்.டி., மிஷ்லினில் இசட்.பி., கான்டினென்டலில் எஸ்.எஸ்.ஆர்., குட்இயரில் ஆர்.ஓ.எஃப். என்று இருக்கும்.

சைடுவால் மெலிவதால் சின்னக் குலுக்கல்கள் குறையும். போவது, காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓடும் வசதி. இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னிக்கு இடமே கிடையாது. அதனால் டிக்கியில் கம்ப்ரெசர், டிரெட்டில் (சாலையைத் தொடும் பகுதியில்) குத்தும் ஆணிக்கு சீலன்ட் பாட்டில், பஞ்சர் திரி மூன்றையும் வையுங்கள். சைடுவால் கிழிந்தால் இவை எதுவும் உதவாது. விழுப்புரம் தாண்டி அடிக்கடி போகிறவர் மெல்லிய ஸ்டெப்னி ஒன்றையும் ஏற்றிக்கொள்ளட்டும். சீலன்ட் ஊற்றிய டயரைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் அழுத்த சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

புது டயர் உண்மையில் புதுசுதானா என்று எப்படித் தெரியும்?
– போரூர் வாசகர்

சைடுவாலில் ‘டாட்’ (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு எண்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அது உள்பக்கமாகப் போய்விடும், ஆகவே மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் தொழிற்சாலைகள் இருந்தும் இந்த அளவுகள் கடையில் கிடைக்காமல் திண்டாடுவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். வேக டயர்கள் பலவும் இறக்குமதி. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்கு உரிமம் தேவை என்று ஆக்கியது. அதிலிருந்து சில அளவுகளுக்குத் தட்டுப்பாடு. பழைய சரக்கும் ஓடுகிறது. ஒரு வருடத்துக்குள் செய்தது என்றால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டு வருடம் தாண்டியது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். தேதி தெரியாத டயர், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் முன்னாலா, பின்னாலா?
– பெரம்பூர் வாசகர்

நாலும் ஒரே அளவாக இருந்தால் பின்னால், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். மழையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றிவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் பட்டன் ஆழ வித்தியாசத்துக்குக் கம்பெனி சொல்லும் எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மீறினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) செலவு வைக்கும்.

வெளியே பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கிறது, உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்துவிட்டது. டயர் கோளாறா?
– மயிலாப்பூர் வாசகர்

டயர் மேல் பழி வேண்டாம். ஸ்போர்ட் சஸ்பென்ஷனில் சக்கரத்தின் மேல்பகுதி சற்று உள்ளே சாய்ந்திருக்கும். அதனால் உள்விளிம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது இயல்பு. அத்தோடு ‘டோ’ கோணமும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பிசகினால் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபட்டு, சில ஆயிரம் கி.மீ.யில் கம்பி தெரிந்துவிடும். உள்ளங்கையை டிரெட்டின் குறுக்கே ஒரு பக்கம் தடவுங்கள், பிறகு எதிர்ப்பக்கம். ஒரு பக்கம் வழுவழுப்பும் மறுபக்கம் ரம்பம் போலச் சொரசொரப்பும் இருந்தால் டோ கோளாறு. பின் டயரின் உள்பக்கம் நின்றபடி தெரியாது. கார் லிஃப்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அலைன்மென்ட் செய்யும்போது முன் பின் இரண்டு அளவுத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். பின் சக்கரத்தைச் சரிசெய்த பிறகே முன் சக்கரம். ‘பின்னால் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது’ என்று சொல்லும் கடையாக இருந்தால், அங்கே இந்தக் காரைச் செய்யாதீர்கள். சில மாடல்களுக்கு சீட்டில் எடை வைத்துத்தான் அளக்கச் சொல்கிறது கம்பெனி. ‘அவுட்சைடு’ என்று எழுதிய டயரை இடமிருந்து வலம் மாற்றினாலும் உள்விளிம்பு உள்ளேதான் இருக்கும். அதனால் தேய்மானம் தீராது.

நைட்ரஜன் அடிக்கலாமா?
– குரோம்பேட்டை வாசகர்

சாதா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்; அதைத் தேடி அலைய வேண்டாம். அழுத்தம் சரியாக இருப்பதுதான் முக்கியம். அழுத்தத்தைக் காலையில், கார் ஓடும் முன்பு பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும், பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிப் போனாலே மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டில் என் செடானை ஒரு நாள் ஓட்டப் போகிறேன். டயருக்கு என்ன செய்ய வேண்டும்?
– நுங்கம்பாக்கம் வாசகர்

நல்ல நிலையில் இருக்கும் வேக டயரே போதும். முதல் நாளுக்கு டிரெட்வேர் 200 ரக செமி ஸ்லிக் (பள்ளங்கள் குறைந்த, பந்தய ரக டயர்) வாங்க வேண்டாம். மழை வந்தால் அதிலேயே வீட்டுக்கு வருவது பெரும்பாடு. சர்க்யூட்டில் அழுத்தம் வேகமாக ஏறும். அதனால் சில சுற்று முடிந்ததும், டயர் சூடாக இருக்கும்போதே அளந்து இறக்குங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள், பார்க் செய்யும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கிளம்பும் முன் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள். ஜி20 3 சீரிஸுக்கு 140 நியூட்டன் மீட்டர், உங்கள் காருக்குக் கையேட்டில் இருக்கும். இறக்கிய காற்றைத் திரும்ப நிரப்பிவிட்டுத்தான் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.