மனைவியை விற்றவன் துன்பியல் நாயகன் ஆவானா?

கேள்வி: தாமஸ் ஹார்டியின் ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ நாவலைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. மைக்கேல் ஹென்சர்டைத் துன்பியல் நாயகன் என்று எழுதலாமா? குடிபோதையில் மனைவியையும் குழந்தையையும் 5 கினிக்கு (பழைய ஆங்கில நாணயம்) விற்றவன் செய்தது குற்றம், வெறும் குறை அல்ல என்று என் தோழி வாதிடுகிறாள்.

பதில்: எழுதலாம், ஆனால் உங்கள் தோழியின் ஆட்சேபத்துக்குக் கட்டுரையிலேயே விடை சொல்லிவிட வேண்டும்.

அரிஸ்டாட்டில் தமது ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் அதிகாரத்தில், அப்பழுக்கற்ற நல்லவனின் வீழ்ச்சி நம்மை வெறுப்படையச் செய்யும் என்றும், கொடியவனின் வீழ்ச்சி இரக்கத்தையோ அச்சத்தையோ எழுப்பாது என்றும் சொல்லி, இவ்விருவருக்கும் இடைப்பட்டவனாய், தீய குணத்தால் அல்லாமல் ஒரு பெரும் பிழையால் வீழ்பவனையே துன்பியலுக்கு உரியவனாகக் கொள்கிறார். தேர்வு வழிகாட்டிகள் இந்தப் பிழையைக் குணக்குறை என்று சுருக்கிவிட்டன. குறை இல்லாத கதாபாத்திரம் எந்த நாவலில் இருக்கிறது? ஆகவே குறையைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடாமல், வீழ்ச்சி அவனுடைய செயலிலிருந்தே விளைகிறதா, அதை அவன் உணர்கிறானா என்று பாருங்கள். அரச குலத்தில் பிறக்கவில்லையே என்ற தடை பெரிதல்ல. சாமானியனுக்கும் துன்பியல் பொருந்தும் என்று அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1949இல் வாதிட்டார், ஹென்சர்டோ ஊரின் மேயர்.

மனைவியை விற்பது முதல் அத்தியாயத்திலேயே, அவன் உயர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மறுநாளே, தான் வாழ்ந்த 21 ஆண்டுகளுக்கு ஈடாக இன்னும் 21 ஆண்டுகள் மது தொடுவதில்லை என்று தேவாலயத்தில் சத்தியம் செய்து, அதைக் காப்பாற்றவும் செய்கிறான். அந்தச் செயல் குற்றம்தான் என்பதில் தோழியோடு நானும் உடன்படுகிறேன். ஆனால் அவனை வீழ்த்துவது அந்த ஒரு நாள் மட்டுமன்று. அன்று வெளிப்பட்ட அதே ஆத்திரமும் அவசரமும் பின்னாளிலும் அவனை விடவில்லை. மழையால் விளைச்சல் கெட்டு விலை ஏறும் என்று நம்பித் தானியத்தை வாங்கிக் குவிக்கிறான். வானம் தெளிந்ததும் பதறி நட்டத்துக்கு விற்கிறான். விற்று முடித்த பிறகு, அறுவடை நேரத்தில், வானிலை மீண்டும் கெடுகிறது. விற்கப்பட்ட குழந்தை இறந்தபின் மனைவி சூசனுக்கும், அவளை விலைக்கு வாங்கிய மாலுமி நியூசனுக்கும் பிறந்த எலிசபெத் ஜேன் இப்போது ஹென்சர்டின் மகளாக வாழ்கிறாள்; பெற்ற தந்தை நியூசன் அவளைத் தேடி வரும்போது, அவள் இறந்துவிட்டாள் என்று யோசிக்காமல் ஒரு பொய் சொல்கிறான். என் கணிப்பில் துன்பியல் பிழை என்று சுட்டத்தக்க இடம் இந்தப் பொய்தான், ஏனெனில் அது பேராசையால் அல்லாமல், மிஞ்சியிருக்கும் ஒரே அன்பையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் பிறக்கிறது.

அவனுடைய மேன்மைக்குச் சான்று வேண்டுமென்றால் நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் கிழவி, அன்று மனைவி விற்கப்பட்ட கூடாரத்தில் கஞ்சி விற்றவள், நீதிபதியாய் அமர்ந்திருப்பவன் மனைவியை விற்றவன் என்று அம்பலப்படுத்துகிறாள். மறுத்திருந்தால் அவள் சொல்லை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவனோ உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, அவளைவிடத் தான் மேலானவன் அல்ல என்கிறான். பின்னர் எலிசபெத் ஜேன் தன் திருமண நாளில் அவனைக் கடிந்துகொள்ளும்போதும் தனக்காக வாதாடாமல் வெளியேறுகிறான். தன்னை ஒருவரும் நினைவில் வைத்திருக்கக் கூடாது என்று உயிலில் எழுதுகிற மனிதன், தன் வீழ்ச்சிக்குத் தானே பொறுப்பு என்பதை உணர்ந்தவன். இறுதிவரை பிறரைப் பழித்துக்கொண்டே இருந்திருந்தால் நானும் உங்கள் தோழியின் பக்கம் நின்றிருப்பேன்.

ஒரு பலவீனத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். சூசன், நியூசன், கஞ்சிக்காரி என்று கடந்த காலம் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத வேளையில் கதவைத் தட்டுகிறது. இது துன்பியலுக்கு உரிய காரண காரியத் தொடர்ச்சி ஆகாது என்று தேர்வாளர் கேட்கக்கூடும். வருகைகள் எதிர்பாராதவை என்றாலும், வந்தவர்களுக்கு ஹென்சர்ட் தந்த பதில்கள் தற்செயலானவை அல்ல என்பதை மேற்சொன்ன இரு காட்சிகளையும், நீதிமன்ற ஒப்புதலையும் நியூசனிடம் சொன்ன பொய்யையும், அருகருகே வைத்து நிறுவலாம்.