கேள்வி–பதில்: ஆரம்பகால ஸ்னோமொபைல்கள்

கே: ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் மோட்டார் வண்டி, என்றாலே பொம்பார்டியேவின் ஸ்கி-டூ என்கிறார்கள். ஸ்னோமொபைலைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?

ப: அவருக்கு முன்பே ஒருவர் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சேனர் என்ற சிற்றூரில், கார்ல் எலியாசன் 1924-லேயே மோட்டார் பூட்டிய ஒற்றைப் பனிவண்டியைக் கட்டிவிட்டார். படகுக்கு மாட்டும் 2.5 குதிரைத்திறன் எஞ்சின், முன்னால் கயிற்றால் திருப்பும் இரண்டு ஸ்கை (பனிச்சறுக்குப் பலகை). காப்புரிமை 1927-ல் கிடைத்தது.

கனடாவில், கியூபெக்கின் வால்கோரில் இருந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியேவின் கவனம் ஆள் ஏற்றும் வண்டிகளில் இருந்தது. 1934 குளிர்காலத்தில் குடல்வால் நோய் முற்றிய இரண்டு வயது மகனை, பாதை பனியில் மூடிக்கிடந்ததால் ஆஸ்பத்திரி சேர்க்க முடியாமல் பறிகொடுத்தவர் அவர். 1937-ல் பல்சக்கரமும், அது சுழற்றி வண்டியை நகர்த்தும் பட்டையும் (ட்ராக்) சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கி, 7 பேர் போகும் பி-7, பிறகு 12 பேர் போகும் பி-12 என்று விற்றார். 1940-களின் கடைசியில் கியூபெக் அரசு சாலைகளில் பனி வாரத் தொடங்கியதும் அந்தச் சந்தை சுருங்கிவிட்டது.

கே: அப்படியானால் பொம்பார்டியேவின் சின்ன வண்டி, ஒருவர் இருவர் போகும் ஸ்கி-டூ, வர 1959 வரை ஏன் ஆயிற்று?

ப: எடைதான் காரணம். இலகுவான எஞ்சினும், ஒரே துண்டாக வார்த்த அகலமான ரப்பர் பட்டையும் சேர்ந்து கிடைத்த பிறகுதான் சின்ன வண்டி சாத்தியமாயிற்று. பட்டையில் பொம்பார்டியேவின் மகன் ஜெர்மானின் உழைப்பு பெரிது. முதல் ஸ்கி-டூவில் இருந்தது 7 குதிரைத்திறன் கோலர் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின். ஸ்கை மரத்தால் ஆனது.

பட்டையின் பலனை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து 225 கிலோ என்று வையுங்கள். 38 செ.மீ. அகலப் பட்டை 1 மீட்டர் நீளத்துக்குப் பனியில் படிந்தால் 3,800 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 60 கிராம்தான் அழுத்தம். 75 கிலோ ஆள் ஒற்றைக் காலில் ஊன்றும்போது, பாதம் 200 சதுர செ.மீ. என்றால், 375 கிராம். ஆள் இடுப்பளவு புதையும் இடத்தில் வண்டி மிதந்து போவது இதனால்தான்.

முதல் வண்டிகளில் ஒன்று ஒன்டாரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸில் இருந்த பாதிரியாருக்குப் போனது. நாய்வண்டிக்கு மாற்று என்ற நினைப்பில் முதலில் யோசித்த பெயரே ஸ்கி-டாக். முதல் பருவத்தில் விற்றது 225 வண்டி. வாங்கியவர்கள் அதை விளையாட்டுக்கு ஓட்டத் தொடங்கியதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

கே: பழைய போலாரிஸ் வண்டிகளில் எஞ்சின் பின்னால் இருக்கிறதே?

ப: போலாரிஸ் ஓர் அமெரிக்க ஸ்னோமொபைல் நிறுவனம். மினசோட்டாவின் ரோசோவில் 1956-ல் முதல் போலாரிஸ் உருவானபோது அது வேலை வண்டி. 1960-ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் இந்த வகை வண்டியில்தான் அலாஸ்காவைக் குறுக்கே கடந்தார். ஆனால் பின்பாரம் கூடினால் புதுப்பனியில் வால் புதையும்; ஸ்கை மேல் எடை இல்லாமல் வண்டி திரும்ப மறுக்கும். முன் எஞ்சின் அமைப்பு வென்றது நியாயம்தான்.

கே: 1960-களின் கடைசியில் வந்த ஸ்கி-டூ ஒலிம்பிக் ஒன்று கொட்டகையில் பல வருடமாகக் கிடக்கிறது. கிளப்ப முடியுமா? (வாசகர், மொன்றியல்)

ப: முடியும். ஆனால் எடுத்தவுடன் கயிற்றை இழுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் மெதுவாக இழுத்துப் பாருங்கள். துருவேறிய பிஸ்டன் ரிங் உடையாமல் விட்டுக்கொடுக்கும்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்து, பெட்ரோல் ட்யூபை மாற்றுங்கள். கார்புரேட்டர் பெரும்பாலும் டில்லட்சன் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகை. கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிக்கூடு) காற்றுத் துடிப்பால்தான் அது பெட்ரோலை இழுக்கிறது. டயாஃப்ரம் காய்ந்து விறைத்திருந்தால் எஞ்சின் ஒரு நிமிடம் ஓடி அணையும். கிட் வாங்கி மாற்றிவிடுங்கள். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டையும் சுத்தம் செய்யுங்கள்.

அந்தக் காலத்து ஸ்கி-டூவின் ரோடாக்ஸ் எஞ்சினுக்கு 20-க்கு 1 கலவை, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி ஆயில். பலர் கோட்டைவிடுவது கிராங்க் சீலில் (கிராங்க்கேஸுக்குள் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் கத்தினால், காய்ந்த சீல் வழியாகக் காற்று புகுகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படியே ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகப் பட்டை. வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சுழற்றுங்கள். இரு ஓரமும் ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் பட்டையை இழுத்துப் பிடிக்கும் அந்தப் பக்க போல்ட்டைச் சிறிது இறுக்குங்கள். வெடிப்பு ஆழமாகி உள்நார் தெரிந்தால் அந்தப் பட்டையை நம்பாதீர்கள்.

கே: கியரே இல்லாமல் வேகம் எப்படி மாறுகிறது?

ப: கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே வேரியேட்டர்தான். எஞ்சின் வேகம் கூடும்போது எடைகள் வெளியே வீசி முன்கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலேறும், பின்கப்பி விரியும். அகலத்தில் 3 மி.மீ. தேய்ந்த பெல்ட் முன்கப்பியில் மேல்வரை ஏறாது. எஞ்சின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. ஒரு புது பெல்ட்டும் இரண்டு பிளக்கும் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.