திட்டியதால் திக்கல் வராது

நாலு வயது மகன் திக்கிப் பேசுகிறான், நான் திட்டியதால்தானோ என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இல்லை, நீங்கள் திட்டியதால் அவனுக்குத் திக்கல் வந்துவிடவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள். பயமும் பதற்றமும் இருக்கிற திக்கலைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

அவன் அப்பாவும் சின்ன வயதில் திக்கினார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. திக்கல் குடும்பவழி வருவது சகஜம். 2010-இல் இதோடு தொடர்புள்ள 3 மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். திக்கும் குழந்தைகளின் மூளைப் படங்களில், பேச்சைத் திட்டமிடும் பகுதியையும் நாக்கு, உதட்டை அசைக்கும் பகுதியையும் இணைக்கும் நரம்புப் பாதைகள், குறிப்பாக இடப்பக்கம், சற்று வேறுபட்டுத் தெரிகின்றன. சொல் தயாராக இருக்கும், வாய்க்கு வந்து சேரும் நேரம்தான் பிசகும்.

ஒரு வாரம் அவன் விளையாடும்போது பேசுவதை போனில் பதிவு செய்யுங்கள். "அம்மா அம்மா எனக்கு" என்று முழுச்சொல் திரும்பினால் பெரும்பாலும் வளரும் வயதின் தடுமாற்றம். "ப-ப-பந்து", "ம்ம்ம்மாடு" என்று எழுத்தில் சிக்கினாலோ, கண்ணை இறுக்கிக்கொண்டு சத்தமே வராமல் நின்றாலோ அது திக்கல்.

அப்புறம், பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஆண் பிள்ளை, குடும்பத்திலும் இருக்கிறது என்பதால் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள். பதிவையும் எடுத்துப் போங்கள், அங்கே போனதும் பிள்ளைகள் சரளமாகப் பேசிவிடுவதும் உண்டு.